மூடும் பணத்தை முதலில் வை

2024-25 நிதியாண்டில் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அரசு அதைப் பெருஞ்சாதனையாகக் கொண்டாடியது. மின்வெட்டின் கொடுமையை அனுபவித்தவர்கள் யாரும் அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், அவ்வளவு கரியை எடுக்கப் புரட்டிப்போட்ட மண்ணும் பாறையும் எங்கே கொட்டப்பட்டன, கரி தீர்ந்துபோன சுரங்கங்களில் எத்தனையின் வாய்கள் முறையாக அடைக்கப்பட்டன என்ற கணக்கை எந்த மேடையிலும் யாரும் வாசிப்பதில்லை. உற்பத்திக்கு மாதந்தோறும் இலக்கு வைக்கிறோம். மூடும் வேலையை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். சுரங்கத் தொழிலைப் பொறுத்தவரை அந்தக் கடைசி நாளில் பொறுப்பேற்க ஆள் இருப்பதில்லை. ஆள் இருந்தாலும் கையில் பணம் இருப்பதில்லை. கழிவு மேட்டை நிலைப்படுத்தவும் சுரங்க வாயை அடைக்கவும் ஆகும் முழுச் செலவையும், முதல் மண்வெட்டி விழும் முன்பே வாங்கி, தோண்டுபவரின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அந்த வேலை சரியாக நடந்ததா என்று சான்றளிக்கும் அதிகாரமும் கரி உற்பத்தியைப் பெருக்குவதைக் கடமையாகக் கொண்ட துறையிடம் இருக்கக் கூடாது. உலகின் பல சுரங்கப் பகுதிகள் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.

கழிவு மேடு ஒரு பிரச்சினை, கைவிட்ட சுரங்கம் வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்ப்பதே முதல் தவறு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மார்ட்டின் கவுன்டி என்ற மாவட்டத்தில், கரியைக் கழுவிய சேற்றைத் தேக்கிவைத்த பெரிய குளம் ஒன்று இருந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று, நள்ளிரவு கடந்த நேரத்தில் அதன் அடித்தளம் உடைந்தது. கீழே இருந்த நிலத்தடிச் சுரங்கத்துக்குள் சேறு பாய்ந்து, அந்தச் சுரங்கத்தின் இரண்டு வாய்கள் வழியாக வெளியேறி, இரண்டு ஓடைகளை நிரப்பியது. 116 கோடி லிட்டர் கருஞ்சேறு ஓடிற்று. மனித உயிர் எதுவும் போகவில்லை என்பது தற்செயலான நல்வாய்ப்பு. ஓடைகளில் இருந்த மீன்களும் நீர்வாழ் உயிர்களும் அழிந்தன. ஆற்றங்கரை ஊர்களின் குடிநீர் கெட்டது. குளத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே போதிய பாறைச் சுவர் இருப்பதாகக் காகிதத்தில் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் இருந்ததோ அதில் ஒரு சிறு பங்கு. மேலே கொட்டுகிறவர் கீழே என்ன இருக்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். கீழே தோண்டியவர் தன் சுரங்கத்தின் கடைசி அங்குலம் வரை வரைந்து கொடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அனுமதியில், ஒரே கையில் சேர்த்துப் பார்க்காத சட்டம் பாதிச் சட்டம்தான்.

கழிவு மேட்டைப் பற்றிப் பேசும் எவரும் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்ற சிற்றூரைத் தாண்டிப் போக முடியாது. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை. மலைச்சரிவில் கொட்டிவைத்திருந்த கழிவு மேடு ஒன்று மழையில் ஊறிக் கூழாகி, கீழே இருந்த பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியின் மீது சரிந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். அது ஏழாம் எண் மேடு. 1958இல் கொட்டத் தொடங்கியபோதே, அந்த இடத்தில் நீரூற்றுகள் இருப்பது அச்சிட்ட நில வரைபடங்களில் தெரிந்தது. பள்ளிக்குப் பின்புறம் சேறு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகம் 1963லிருந்தே கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. அந்தச் சுரங்கத்தை நடத்தியது லாபவெறி பிடித்த தனியார் முதலாளி அல்ல. தேசிய நிலக்கரி வாரியம் என்ற அரசு நிறுவனம். நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 76 நாள் விசாரித்து, பொறுப்பு முழுவதும் அந்த வாரியத்துடையது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ஒருவர்மீதுகூட வழக்குத் தொடரப்படவில்லை. கொடுமையின் உச்சம் அதற்குப் பிறகு வந்தது. மலையில் எஞ்சியிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கென்று, குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காக உலகம் முழுவதும் இருந்து மக்கள் அனுப்பிய நன்கொடை நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகையைத் திருப்பித்தர அரசுக்கு 1997 வரை மனம் வரவில்லை. மூடும் பணத்தை முதலிலேயே எடுத்துவைக்காவிட்டால் கடைசியில் அதை யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வரலாற்றில் இல்லை. பாதிக்கப்பட்டவர்களே கட்டினார்கள்.

ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1972 பிப்ரவரி 26 அன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில் அதே பாடம் மீண்டும் எழுதப்பட்டது. சுரங்கக் கழிவையே அணையாகக் கொட்டி, அதன் பின்னால் கரி கழுவிய நீரைத் தேக்கியிருந்தார்கள். தொடர்மழையில் அணை உடைந்து சுமார் 50 கோடி லிட்டர் கருநீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. 125 பேர் இறந்தனர். சுமார் 4,000 பேர் வீடிழந்தனர். அதற்குச் சில நாள் முன்புதான் அரசின் ஆய்வாளர் வந்து பார்த்து, நிலைமை திருப்தி என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இது கடவுளின் செயல் என்றது நிறுவனம். கழிவைக் குவித்து அணை கட்டும்படி கடவுள் யாரிடமும் சொல்லவில்லை என்பதை அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் அறிவார்கள். இந்தப் பேரழிவும், மலைகளை உரித்துப்போட்ட திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு எதிரான மக்கள் இயக்கமும் சேர்ந்துதான் 1977இல் அமெரிக்க நாடாளுமன்றத்தை ஒரு சட்டம் இயற்ற வைத்தன. அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு பிணைத்தொகை. சீரமைப்புச் செலவுக்குப் பிணை கட்டாமல் சுரங்க அனுமதி கிடையாது. வேலை முடிந்து, நிலம் மீண்டு, ஆய்வில் தேறிய பிறகே பிணை திரும்பும். கழிவு மேட்டைத் தகுதிபெற்ற பொறியாளர் வடிவமைத்துக் கையெழுத்திட வேண்டும். அதைச் சரியவைக்கும் விசையைவிடத் தாங்கி நிறுத்தும் வலிமை குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையேனும் பார்வையிட வேண்டும். ஒவ்வொரு நிலத்தடி வாயையும் மனிதரோ கால்நடையோ உள்ளே போகாதபடியும், அமில நீர் வெளியே வராதபடியும் அடைக்க வேண்டும். சட்டத்துக்கு முன்பே கைவிடப்பட்ட சுரங்கங்களைச் சீரமைக்க, தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் தனிக் கட்டணமும் விதித்தார்கள்.

சுரங்க வாயை அடைப்பது என்றால் லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போவது என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். உண்மையில் மூடும் வேலை, தோண்டும் வேலைக்குச் சற்றும் குறையாத பொறியியல். வாய் திறந்திருந்தால் காற்று உள்ளே போகிறது. உள்ளே விட்டுவந்த கரித் தூண்கள் காற்றுப்பட்டுத் தாமாகவே சூடேறித் தீப்பற்றுகின்றன. அவசரத்தில் பலவீனமாக அடைத்தால், உள்ளே மீத்தேன் சேர்ந்து வெடிமருந்துக் கிடங்காகிறது. 2006 ஜனவரி 2 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் இப்படி அடைத்துவைத்த பகுதி மின்னல் தாக்கத்தில் வெடித்து, தடுப்புச் சுவர்களைத் தகர்த்து, 12 தொழிலாளர்களைக் கொன்றது. சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கினால் போதும் என்றிருந்த விதி, அதற்குப் பிறகு, உள்ளே காற்றைக் கண்காணிக்காத இடங்களில் 120 பவுண்டு என்று உயர்த்தப்பட்டது. ஆறு மடங்கு. முந்தைய விதி எவ்வளவு தவறாக இருந்தது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. பிறகு நீர். கரியோடு கலந்திருக்கும் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. வாய் வழியே வடிந்து ஓடையைக் கெடுக்கிறது. வடிகால் வைக்காமல் சுவரெழுப்பினால் பின்னால் நீர் ஏறி ஏறி ஒருநாள் சுவரையே உடைக்கிறது. பழைய சுரங்கத்தில் இப்படித் தேங்கும் நீர், பக்கத்தில் புதிதாகத் தோண்டுபவருக்கு எமன். ஜார்க்கண்டின் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் 1975 டிசம்பர் 27 அன்று, பழைய குடைவில் நின்ற நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேரை மூழ்கடித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2001 பிப்ரவரியில், அதே தன்பாத் பகுதியின் பாக்டிகி சுரங்கத்தில் பழைய குடைவின் நீர் மேலும் 29 பேரைக் கொன்றது. பென்சில்வேனியாவின் கியூகிரீக்கில் 2002இல் ஒன்பது பேர் மூன்று நாளுக்கும் மேலாகச் சிக்கித் தவித்து உயிர் பிழைத்தார்கள். அங்கே காரணம், பக்கத்துப் பழைய சுரங்கத்தின் இறுதி வரைபடம் அனுமதி கொடுத்தவர்கள் கையில் இல்லை என்பதுதான். மூடுகிற நாளில் ஒப்படைக்க வேண்டிய ஒரு தாளுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர், ஜார்க்கண்டின் ஜாரியா. அங்கே முதல் நெருப்பு பதிவானது 1916இல். 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆகும்வரை அங்கே ஏராளமான தனியார் முதலாளிகள் எடுத்தவரை லாபம் என்று குடைந்தார்கள். குடைந்த இடத்தை மணல் நிரப்பித் தாங்கவில்லை, வாய்களை அடைக்கவில்லை, பலர் ஒழுங்கான வரைபடம்கூட விட்டுப்போகவில்லை. அதன் பிறகு வந்த அரசு நிறுவனங்களும் நெருப்புக்கு மேலேயே திறந்தவெளிச் சுரங்கங்களை விரித்தன. இன்றும் ஊருக்குக் கீழே கரி எரிகிறது. தெருவும் வீடும் திடீரென்று உள்வாங்குகின்றன. மக்கள் புகையைச் சுவாசித்துக்கொண்டு வாழ்கிறார்கள். இந்த மக்களை இடம் மாற்றவும் நெருப்பை அடக்கவும் 2009இல் மத்திய அரசு 7,112 கோடி ரூபாய்க்குத் திட்டம் தீட்டியது. அதன் காலக்கெடு முடிந்தும் வேலை முடியாமல், 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கரி எடுத்துப் பணம் பண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் அடைக்காமல் போன வாய்களுக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து இந்தியாவின் வரிகட்டும் மக்கள் பணம் கட்டுகிறார்கள். பணத்தால் ஈடுசெய்ய முடியாத மிச்சத்தை ஜாரியாவின் ஏழைகள் சுமக்கிறார்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மோசமான சட்டமும் அல்ல. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நிலக்கரிச் சுரங்க விதிகள், கழிவு மேட்டின் சரிவு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது என்கின்றன. 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக அமைக்க வேண்டும் என்றும், மேட்டின் அடிவாரம் பொதுச்சாலைக்கோ ரயில் பாதைக்கோ பிறர் கட்டடத்துக்கோ 100 மீட்டருக்குள் வரக் கூடாது என்றும் சொல்கின்றன. பழைய குடைவுக்கு 60 மீட்டர் நெருங்கினாலே தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக உண்டு. 2017க்கு முன்பும் விதிகள் இல்லாமல் இல்லை. ஆனாலும், 2016 டிசம்பர் 29 இரவு ஜார்க்கண்டின் ராஜ்மஹல் திறந்தவெளிச் சுரங்கத்தில் கழிவு மண் கொட்டியிருந்த பகுதி அடியோடு சரிந்து 23 தொழிலாளர்களைப் புதைத்தது. அவர்கள் ஒப்பந்ததாரரிடம் வேலை பார்த்தவர்கள். விதி புத்தகத்தில் இருந்து களத்துக்கு வராமல் போவதற்குக் காரணம், விதியை மீறுவது லாபமாகவும் கடைப்பிடிப்பது செலவாகவும் இருப்பதுதான். படியமைத்துக் கொட்ட அகலமான நிலம் வேண்டும், கூடுதல் தூரம் லாரி ஓட வேண்டும். செங்குத்தாகக் குவித்தால் இன்றைய கணக்கில் மிச்சம். நாளைய சரிவின் செலவு இன்றைய கணக்குப் புத்தகத்தில் ஏறாதவரை, சுரங்க மேலாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இலக்கை நோக்கித்தான் ஓடுவார். மூடும் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவைக்கும் முறையை 2009இல்தான் நிலக்கரி அமைச்சகம் வழிகாட்டு நெறிகளாகக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது வைத்த அளவு, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 1 லட்சம் ரூபாய். மேடு எவ்வளவு உயரம், எத்தனை வாய்கள், உள்ளே நீரா நெருப்பா என்று எதையும் பாராமல் பரப்பளவை மட்டும் பார்த்துப் போட்ட தொகை அது. நெறிகள் பின்னர் திருத்தப்பட்டன என்றாலும், மூடல் திட்டத்தையும் பணத்தையும் மேற்பார்க்கும் நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இன்றும் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. உற்பத்தி இலக்கு வைப்பவரும் மூடிய வேலைக்குச் சான்று தருபவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எது முந்தும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் மின்சாரம் விலையேறும், அந்தச் சுமை ஏழையின் தலையில் விழும் என்பது இதற்கு வரும் முதல் மறுப்பு. மதிக்கத்தக்க மறுப்பு, அதனால் கணக்குப் போட்டே பார்க்கலாம். நம் அனல்மின் நிலையங்களில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி எரிகிறது. மூடும் நிதிக்கென்று டன்னுக்கு 50 ரூபாய் கூடுதலாக வாங்கினாலும், ஒரு யூனிட்டின் மீது ஏறுவது மூன்றரை பைசா. 100 கோடி டன்னுக்கு அது ஆண்டுக்கு 5,000 கோடி ரூபாய். இதில் நாடு அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. டன்னுக்கு இப்படிப் பணம் வாங்குவது நமக்குப் புதிதே அல்ல. 2010இல் டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கிய நிலக்கரி மீதான மேல்வரி, 2016இல் 400 ரூபாய் ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த 400 ரூபாய், மாநிலங்களுக்கு வருவாய் இழப்பீடு தரும் நிதிக்குத் திருப்பப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரி நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. 400 ரூபாய் என்ற கணக்கில் 100 கோடி டன்னுக்கு 40,000 கோடி ரூபாய் வருகிறது. ஜாரியாவுக்கு இப்போது ஒதுக்கியிருக்கும் முழுத் தொகையும் அதில் இரண்டு மாத வசூலைவிடக் குறைவு. ஆக, கரியின் விலைமீது மக்கள் ஏற்கெனவே பணம் கட்டித்தான் வந்திருக்கிறார்கள். அந்தப் பணம் சுரங்க வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதே குறை. மூடும் செலவைக் கரி விலையில் சேர்க்காமல் விட்டால் செலவு மறைந்துவிடாது. கரி எரித்து வெளிச்சம் பெற்றவரிடமிருந்து, கரி மேட்டின் அடிவாரத்தில் குடியிருப்பவருக்கு மாறிப்போகும். ஏழைமீது அக்கறை என்றால் அந்த ஏழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் சுரங்கங்களில் பெரும்பாலானவை அரசு நிறுவனங்களுடையவை, கோல் இந்தியா எங்கும் ஓடிப்போகாது, பிறகு எதற்கு முன்பணம் என்று கேட்பவர்களும் உண்டு. அபர்ஃபானின் மேட்டைக் கொட்டியதும் அரசு நிறுவனம்தான் என்பது இதற்கு ஒரு பதில். நிலைமை மாறிவிட்டது என்பது இன்னொரு பதில். 2020இல் தொடங்கிய வணிகச் சுரங்க ஏலங்களில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் கைமாறியிருக்கின்றன. வாங்கியவர்களில் தனியார் நிறுவனங்களே மிகுதி. அவர்கள் எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று சொல்ல வரவில்லை. நிறுவனம் நேர்மையாக இருந்தும் நொடித்துப்போகலாம். பிணைச் சட்டத்தை முன்னோடியாக இயற்றிய அமெரிக்காவே இதில் சறுக்கியது: பெரிய நிறுவனங்கள் ரொக்கமோ வங்கி உத்தரவாதமோ தராமல், தங்கள் சொந்த நிதிநிலையையே பிணையாகக் காட்டலாம் என்று சில மாநிலங்கள் விட்டுக்கொடுத்தன. 2015 ஆகஸ்டிலிருந்து 2016 ஏப்ரலுக்குள் ஆல்ஃபா, ஆர்ச், பீபாடி என்ற மூன்று பெரும் நிறுவனங்கள் அடுத்தடுத்து திவால் மனு போட்டபோது, அந்த வாக்குறுதிகளின் எடை என்ன என்று தெரிந்தது. வீட்டை வாடகைக்கு விடுபவர்கூட முன்பணம் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்கிறார். உலகம் கரியிலிருந்து விலகத் தொடங்கியிருக்கும் காலத்தில், இன்று ஏலம் எடுப்பவர் முப்பது ஆண்டு கழித்தும் செழிப்பாக இருப்பார் என்று நம்பி மலையையும் ஆற்றையும் ஒப்படைப்பது அரசுக்கு அழகல்ல.

மூன்றாவது மறுப்பு, மறுப்புகளில் மிகக் கனமானது. கைவிட்ட சுரங்கங்களின் வாய்களில் இறங்கிக் கூடை கூடையாகக் கரி எடுத்து, மிதிவண்டியில் கட்டித் தள்ளிக்கொண்டு போய் விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஜார்க்கண்டிலும் மேற்கு வங்கத்திலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வாயை அடைத்தால் அவர்கள் வயிறு என்னாகும்? மேகாலயாவில் எலிவளைச் சுரங்கங்களுக்கு 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தடை காகிதத்தில் நின்றது. வளைகள் திறந்தே கிடந்தன. 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜெயின்டியா மலை மாவட்டத்தின் க்சான் என்ற இடத்தில் அப்படியொரு வளைக்குள் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். பெரும்பாலானோரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் அதே மாதிரி வெள்ளம் ஒன்பது பேரைக் கொண்டுபோனது. தடை மட்டும் போட்டு, வாயை அடைக்காமல், வேறு வேலையும் காட்டாமல் விட்டால் இதுதான் நடக்கும். உயிரைப் பணயம் வைத்துக் கூடையளவு கரி எடுப்பதை வாழ்வாதாரம் என்று பெயரிட்டுப் பாதுகாப்பதும் இரக்கம் ஆகாது. மூடும் பணி ஆள்பலம் மிகுதியாகக் கேட்கும் பணி. குழியை நிரப்ப, மேட்டைப் படியாக்க, வடிகால் வெட்ட, மேல்மண் பரப்பி மரம் நட, பல ஆண்டு பராமரிக்க உள்ளூர்க் கைகள் வேண்டும். கழிவு மண்ணிலிருந்து கட்டுமான மணல் பிரிக்கும் ஆலைகளைக் கோல் இந்தியாவின் கிளை நிறுவனங்கள் நடத்துகின்றன. பழைய திறந்தவெளிக் குழிகளில் தேங்கும் நீரைச் சுத்திகரித்துப் பாசனத்துக்குத் தருகின்றன. மூடல் நிதியில் ஒரு பங்கைச் சுரங்க ஊர்க்காரர்களின் கூலியாகவே செலவிட வேண்டும் என்று சட்டத்தில் எழுதினால், வாயை அடைப்பதற்கு எதிரியாக நிற்கும் அதே குடும்பம் அந்த வேலையின் காவலாளி ஆகும்.

பழைய குற்றவாளிகள் போய்விட்ட இடங்களில் என்ன செய்வது என்ற கேள்விக்கு, வேல்ஸ் தரும் விடை கவனிக்கத்தக்கது. அபர்ஃபானுக்குப் பின் 1969இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், இயங்கும் சுரங்கங்களின் மேடுகளையே பெரிதும் மனத்தில் வைத்திருந்தது. சுரங்கங்கள் மூடிய பிறகு மேடுகள் மட்டும் அனாதைகளாக நின்றன. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் மழையில் டைலர்ஸ்டவுன் என்ற ஊரின் மேலிருந்த மேடு சரிந்து, சுமார் 60,000 டன் கழிவு பள்ளத்தாக்கில் இறங்கியது. அதன் பிறகுதான் கணக்கெடுத்தார்கள்: சுமார் 2,500 கைவிட்ட மேடுகள், அவற்றில் 350க்கும் மேற்பட்டவை கூடுதல் ஆபத்துள்ளவை. பட்டியலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 2025இல், இந்த மேடுகளை மட்டுமே கவனிக்கும் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றினார்கள். காலநிலை மாறி, ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை இங்கும் வழக்கமாகிவிட்ட நிலையில், பழைய அளவுகோல்களை வைத்துக் கட்டிய மேடுகளை நம்ப முடியாது. இந்தியாவில் அப்படியொரு பட்டியலை, ஒவ்வொரு மேட்டுக்கும் ஒவ்வொரு வாய்க்கும் எண்ணிட்டு, வரைபடத்தில் குறித்து, அடிவாரத்தில் வசிக்கும் குடிமகன் தன் கைப்பேசியில் பார்க்கும்படி வெளியிட என்ன தடை? பிரிட்டனில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய சுரங்க வாய்களின் பதிவு இருக்கிறது. வீடு வாங்குபவர் பணம் கட்டி அதைச் சரிபார்த்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலி திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரி வயல். ஆனாலும் இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எரியும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேர் போன்ற வயல்களில் தோண்டப்பட்டு, கப்பலேறி நம்மிடம் வருகிறது. நெய்வேலி நிறுவனமே ஒடிசாவின் தலபிராவில் நிலக்கரி எடுக்கிறது. அங்கே குவியும் மேட்டின் ஒரு பகுதி நம் வீட்டு விளக்கின் கணக்கில் சேர வேண்டியது. ஆகவே தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தங்கள் தொகுதிக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த நிலக்கரி ஏலம் நடக்கும் முன், மூடல் பணத்தை வழிகாட்டு நெறியிலிருந்து சட்டத்துக்கு உயர்த்துங்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும். பரப்பளவுக்குப் பதில் ஒவ்வொரு சுரங்கத்தின் உண்மையான மூடல் செலவை, அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத பொறியாளர் மதிப்பிட வேண்டும். அதை ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ மட்டும் வாங்க வேண்டும். மூடியதற்கான சான்றைத் தரும் அதிகாரத்தை நிலக்கரி அமைச்சகத்திடமிருந்து எடுத்து, தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்திடமும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கூட்டாகக் கொடுக்க வேண்டும். இறுதி வரைபடம் பொதுமக்களின் பார்வைக்கு வராமல் ஒரு ரூபாய் பிணையும் திரும்பக் கூடாது. இந்தக் கேள்விகளை எழுப்பும்படி உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.